விழுந்தமரம் என்றொரு நாடு

நடுவட்டத்தைத் தாண்டி, எஸ்டேட் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் பின்னால் பெரிய மரம் ஒன்று ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. வெட்டி எடுக்கச் சொன்னால், அது காட்டு நிலம் என்றார் எஸ்டேட் சூப்பர்வைசர். எல்லைக்கல் இன்னும் மேலே இருக்கிறது, இது எஸ்டேட்டுடையது என்றார் காட்டுக் காவலர். மரம் அதுபாட்டுக்குக் கிடந்தது.

யாருக்கும் வேண்டாம் என்றால் நமக்கு வேண்டும் என்றாள் அக்கா. அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. கொழுந்து பறிக்கும்போது அம்மா மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் நீலப் பிளாஸ்டிக் படங்கின் கிழிசல்தான் கொடி. நாட்டின் பெயர் விழுந்தமரம். அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. ராஜா, மந்திரி, போலீஸ் எல்லாம் அக்காவே. நான் ஜனங்கள். அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

உள்ளே வருகிறவர்கள் சொந்த ஊரைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் எங்களைத் தேடி வந்த அம்மாவையும் அக்கா குச்சியை நீட்டி மறித்தாள்.

"எந்த ஊரு?"

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் இலங்கைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே இந்தியாக்காரி என்று சொல்லிக் கப்பல் ஏற்றினார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரி ஆனாள். எத்தனையோ வருடம் கழித்தும் ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு அதுதான் பெயர். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"எனக்கு எந்த ஊருன்னு சொல்லத் தெரியலையே, புள்ள" என்றாள்.

"அப்ப இந்த ஊருன்னே சொல்லிக்கம்மா" என்று அக்கா குச்சியை இறக்கினாள்.

அதற்குப் பிறகு, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அம்மா நேராக அங்கேதான் வருவாள். மரத்தின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். தூக்குப்போசியில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி இருக்கும். பனி வந்து லயத்தை மறைக்கும் வரை மூவரும் மாற்றி மாற்றிக் குடிப்போம். அந்தச் சாயங்காலங்களில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தாலும் போதும் எனக்கு.

மரம் மழையில் மக்கி மண்ணாகிவிட்டது. போன வருடம் அம்மா ஓய்வு பெற்றாள். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். கோயம்புத்தூரில் அக்கா பார்த்திருந்த வாடகை வீட்டுக்குச் சாமான்களோடு போய் இறங்கினோம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

அம்மா தடுமாறப் போகிறாளே என்று பதறி, நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"விழுந்தமரமுங்க. நடுவட்டம் பக்கம்."

வீட்டுக்காரம்மா அப்படி ஓர் ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

"சின்ன ஊருதாங்க" என்றாள் அம்மா.

அக்கா கையிலிருந்த பாத்திர மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.