செங்கல் வண்டியைப் பின்னால் மாட்டியவன்

அடியார்களே, ஒரு பெண்ணையும் அவள் இடுப்பிலிருந்த குழந்தையையும் நான் கொல்லப் பார்த்தேன். பெருமாள் தடுத்தார். அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடக் கேவலம். அதிலிருந்தும் அவரே என்னை மீட்டார். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். காட்டூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேலையைவிட வாய்தான் எனக்கு நன்றாக ஓடும். டிராக்டர் டயரைப் பாம்பு கடித்துவிட்டது, வைத்தியரைக் கூப்பிட வேண்டும் என்று முதலாளியையே ஒரு தடவை நம்ப வைத்திருக்கிறேன்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் ஒருவர் வீடு கட்டினார். அவருக்குச் செங்கலும் சாரம் கட்ட மூங்கிலும் ஒரே நடையில் போக வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஜோடி சேராத இரண்டு டிரெய்லர்கள். ஒன்று பெரிய நாலு சக்கர வண்டி, அதில் செங்கல். இன்னொன்று பழைய ரெண்டு சக்கர வண்டி, அதில் மூங்கில். சின்னது முதல் நாளே டிராக்டரில் மாட்டியிருந்தது. கழற்றி மாற்ற எனக்குச் சோம்பல். பெரியதை அதன் பின்னால் மாட்டச் சொன்னேன்.

சூளையில் பாரம் ஏற்றி வண்டி மாட்டும் மருதை தயங்கினான்.

"அண்ணே, செங்கல் வண்டி இன்ஜினை ஒட்டி வரணும். சின்னது கடைசியில வரட்டும்."

"ஊர்வலத்துல சீர்த்தட்டு முன்னால போகும், மாப்பிள்ளை பின்னால வருவாரு. நீ கல்யாணமே பார்த்ததில்லையா மருதை?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே இரண்டு வண்டிகளையும் இணைக்கும் கொக்கியில் இரும்புப் பின்னைச் செருகினான். யாராவது நியாயம் பேசினால் சிரிக்க வைத்து அடக்கிவிடுவது என் வழக்கம்.

காவிரிப் பாலம் வரை தொல்லையில்லை. பாலம் முடிந்து ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கும்போது செங்கல் வண்டி தள்ள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். பிரேக் டிராக்டருக்கு மட்டும்தான், டிரெய்லருக்குக் கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட மூங்கில் வண்டி தூக்கிப்போட்டது. பின்னால் பெரியது சாலையின் இரண்டு ஓரங்களுக்கும் வாலாட்டியது. ஓரத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, ஒதுங்க இடமில்லாமல் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

தூரத்தில் பெருமாள் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரிந்தது. "ரங்கா, அந்தக் குழந்தையைக் காப்பாத்து. தப்பு என்னோடதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்று கத்தினேன்.

கொக்கியில் இருந்த இரும்புப் பின் முறிந்தது. பெரிய வண்டி தனியே கழன்று, சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்று மணலில் முகத்தைப் புதைத்து நின்றது. அவளுக்கும் அதற்கும் இடையே ஒரு கை தூரம். டிராக்டரை நிறுத்தி இறங்கினேன்.

கூட்டம் கூடியது. "என்ன சாமர்த்தியமா நிறுத்தினான் பாருங்க" என்றார் ஒருவர். சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் குடித்தேன். சொல்வதாகச் சத்தியம் செய்த வாயால்தான் குடித்தேன்.

முதலாளி வந்தார். "எவன்யா இப்படி மாட்டினது?"

"மருதைதாங்க மாட்டினான்" என்றேன்.

பொய்யில்லை பாருங்கள். கொக்கியில் பின் செருகியது அவன் கைதானே? அன்று மாலையே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவனை மார்க்கெட்டில் பார்த்தேன். தலையில் வெங்காய மூட்டை. கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினான்.

"சோடா வாங்கிக் குடுத்தாங்களாமே அண்ணே. நல்லா இருந்துச்சா?"

வேறொன்றும் கேட்கவில்லை. போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் பெருமாள் சன்னிதியில் நின்றேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திருவடியை மட்டும் பார்த்து, "நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நம்பற மாதிரி நாலு வார்த்தை குடு" என்று வேண்டினேன். நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"வண்டியை அப்படி மாட்டச் சொன்னது நான்தாங்க" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னைக்கு என்னப்பா, புதுக் கதையா? உள்ள வா, காபி சாப்பிட்டுட்டு மிச்சத்தைச் சொல்லு."

மேலே பேச வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. நாற்பது வயது ஆள், அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவர் வீட்டம்மாள் காபியோடு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

முதலாளியின் சிரிப்பு நின்றது.

"எந்திரிய்யா. முகத்தைக் கழுவு. மருதை வீட்டைக் காட்டு."

நான் கேட்டது வார்த்தை. பெருமாள் என் வாயை அடைத்தார். என்னை யாராவது நம்ப வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மருதை உடனே வர ஒப்பவில்லை. முதலாளி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வந்தான். டிராக்டரை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். ஆறு மாதம் அவனுக்குக் கீழே செங்கல் சுமந்தேன். "அண்ணே, பார்த்து" என்று அவன் மரியாதையாகச் சொல்லும்போதெல்லாம் கூசிப்போவேன். திரும்ப வண்டி கைக்கு வந்த பிறகு, அவன் சரி என்று தலையசைக்காமல் நான் சாவியைத் தொட்டதில்லை. வேடிக்கைப் பேச்சை விடவில்லை, அது ஒட்டிப் பிறந்தது. அடுத்தவர் நியாயம் பேசும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன்.

உங்களில் யாருக்காவது சொல்ல வேண்டிய ஒன்று தொண்டையில் நிற்கிறதா? எப்படிச் சொல்வது என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த வீட்டு வாசல் வரை நடப்பதுதான் நம் வேலை. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.