முகவரி மாறிக்கொண்டே இருந்த வீடு

முதலியார்பேட்டை வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். பிரான்சில் இருக்கும் தங்கை தினமும் காலையில் அவருக்குப் போன் செய்வாள். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அதன்பிறகு அவளுக்குப் பேச்சு மட்டும் போதவில்லை. கூடத்தில் ஒரு கேமரா மாட்டு, நடமாடுகிறாரா என்று நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ரெட்டியார்பாளையத்திலிருந்து தினமும் ஓடி வர முடியாத நானும் தலையாட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கேமரா வந்தது, படம் போகவில்லை. இன்டர்நெட் கம்பெனி தெருவுக்கே ஒரு இன்டர்நெட் முகவரியைப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பதால் வெளியிலிருந்து கேமராவைத் தேடிப் பிடிக்க முடியாதாம். ரவுட்டர் பெட்டியில் ஐபிவி6 என்ற புது முறையைப் போட்டால் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் சொந்த முகவரி கிடைக்குமாம். வாசலில் பழைய எண், புது எண் இரண்டையும் எழுதி வைத்தும் கூரியர்காரர் எங்கள் வீட்டைத் தேடித் தவிக்கிறார். இதில் கேமராவுக்குத் தனிக் கதவிலக்கமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ரவுட்டர் செட்டிங்கில் நுழைந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. தங்கை போனில் சொல்லச் சொல்ல எதை எதையோ அமுக்கினேன். கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்து ரயில் நீளத்துக்கு ஒரு முகவரி வந்தது. அனுப்பினேன்.

"அண்ணே, அப்பா தெரியுறாரு!" என்று அழுதேவிட்டாள்.

சில நாள்தான். "கேமரா போச்சுண்ணே. அப்பாவுக்குப் போன் பண்ணேன், நல்லாத்தான் இருக்காரு. என்னான்னு பாரு." ஸ்கூட்டரில் பறந்து வந்தேன். ரவுட்டர் விளக்கு சமர்த்தாக எரிந்தது. முகவரி மட்டும் மாறியிருந்தது. புதியதை அனுப்பினேன். அதுவும் மாறியது. மறுபடி ஓட்டம்.

கம்பெனியில் கேட்டால், "கரண்ட் போயி வந்தா மாறும் சார்" என்றார்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தேன். கரண்ட் போகவே இல்லையாம். நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நன்றாக இருந்த செட்டிங்கையும் மாற்றித் தொலைத்தேன்.

"வுடுப்பா, மெஷின்னா அப்பிடித்தான்" என்று அப்பா ஆறுதல் சொன்னார். எனக்கு மண்டை காய்ந்தது.

ஒருநாள் காலை சொல்லாமல் வந்தேன். கதவு திறந்திருந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு ரவுட்டர் பக்கம் நின்று சுவிட்சை அணைத்தார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை எழுந்து கேமராவைப் பார்க்கும் நேரம் அது. போன் அடித்தது.

"அலோ!" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டு நாளாகிவிட்டது.

பேசி முடித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"கேமரா வந்ததுலேர்ந்து அவ கூப்புட்றதே இல்லப்பா" என்றார். "அவ என்னப் பாத்துட்டுப் போயிட்றா. நான் என்னாத்தப் பாக்குறது? அன்னிக்கு இடி இடிக்குதேன்னு இந்தப் பொட்டிய அணைச்சேன். ஒடனே கூப்புட்டா."

அதற்குள் என் போன் அடித்தது. தங்கைதான்.

"மறுபடியும் போச்சுண்ணே. என்னாதான் கோளாறு அதுல?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு இந்தப் புது முறை புடிபடலம்மா" என்றேன். "கேமராவ நம்பிக்கிட்டு இருக்காத. முன்ன மாதிரி தினம் ஒரு போன் பண்ணிடு."

அப்பா எனக்குக் காப்பி போட எழுந்து போனார்.