காலிதீன் காக்காவின் இடுப்பு வார்

மாவடிப்பள்ளிக்கு மின்சாரம் வருமுன்னே பள்ளிவாசலுக்கு ஜெனரேட்டர் வந்துவிட்டது. எழுபத்தொன்பதாம் ஆண்டு நோன்புக்கு, ஒலிபெருக்கியில் வாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பதற்கென்றே எடுத்தது. அது இருந்த அறையின் சாவி காலிதீன் காக்காவிடம் இருந்தது. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து மனிசரின் நடையே வேறு.

வயரென்றால் அவருக்கு உயிர். தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், இஞ்சின் அதிர்வில் எங்காவது உரசித் தோல் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். கை வைக்குமுன், பேட்டரியையும் இஞ்சினையும் சேர்க்கும் சாண் நீள வயரைக் கழற்றித் தன் பச்சை இடுப்பு வாருக்குள் செருகிக்கொள்வார். அது இல்லாமல் இஞ்சின் அசையாது. இந்தப் பழக்கம் வருமுன் ஒருதரம் அவர் கை உள்ளே இருக்கும்போதே ஹஸன் மோதினார் ஆசைப்பட்டு ஸ்டார்ட் பண்ணி, காக்காவின் பாதி நகம் போயிற்று. அதன்பிறகு வாங்கு சொல்லும் வாயைத் தவிர மோதினாரின் வேறெதையும் அவர் நம்புவதில்லை.

"வயர்ல ஒரு குத்தம் வந்தா சாவியத் தந்திட்டு வயல் வரம்புல போய்க் குந்திக்கிறன்" என்று பள்ளிவாசல் தலைவர் ஷரிபுதீனிடம் ஊரறியச் சொல்லியும் வைத்திருந்தார்.

இருபத்தோராம் நோன்பன்று, புகைக்குழாயில் உரசிய வயரொன்றுக்கு டேப் சுற்றி முடிக்கவும் அஸர் தொழுகை தொடங்க இகாமத் சொல்லவும் சரியாக இருந்தது. ஓடிப்போய்த் தொழுதார். நோன்புக் களைப்பில் நேரே வீட்டுக்குப் போய்ப் பாயில் சாய்ந்தார்.

பொழுது பட்டது. கஞ்சி ஆறியது. வாங்கைக் காணோம்.

"இஞ்சாருங்க, கோழியெல்லாம் அடஞ்சிட்டு. நோன்பத் தொறப்பமே" என்றார் மனைவி ஹாஜறா.

"வாங்கு கேக்காம ஒரு பேரீச்சம்பழம் வாய்க்குள்ள போகப்படாது! அந்த ஹஸன் தூங்கிட்டான் போல. என்ட வயர்ல குத்தமில்ல, மனிசன்லதான் குத்தம்."

பேசப் பேசக் கோபம் ஏறியது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தும் வார் இறுக்குகிறதே என்று தளர்த்தினார். கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் சாண் நீள வயர் பொத்தென்று விழுந்தது.

ஹாஜறா வயரைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். கஞ்சிக் கோப்பையை மெல்ல மூடி வைத்தார். ஏசியிருந்தால்கூடக் காக்கா தாங்கியிருப்பார்.

வயரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலிப் படலைக்குப் படலை ஆட்கள் பழமும் கையுமாக நின்றார்கள்.

"காக்கா, வாங்கு சொல்லியாச்சா?"

"ஓம், ஓம், தொறங்க! நேரம் போயிட்டு, தொறங்க!"

தெரு முழுக்க இப்படியே கத்திக்கொண்டு போனார். முதல் சத்தத்திலேயே ஹாஜறாவும் திறந்துவிட்டார். பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் நோன்பு திறக்காத ஆள் காலிதீன் காக்கா மட்டும்தான்.

அங்கே ஹஸன் மோதினார் மைக் இல்லாமல் வெறுந்தொண்டையில் வாங்கு சொல்லிக் குரல் கட்டிப்போய் நின்றார். காக்கா ஷரிபுதீனின் முன்னால் வயரையும் சாவியையும் சேர்த்து நீட்டினார்.

ஷரிபுதீன் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயர்ல ஒரு குத்தமும் இல்லியே, காலிதீன். சாவிய நீயே வெச்சிக்க. இடுப்பு வார மட்டும் கழட்டித் தா."

மிச்ச ஒன்பது நோன்பும், வாரில்லாமல் நழுவும் சாரனை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் காலிதீன் காக்கா வயர் பார்த்தார்.