மரியதாஸிடம் இருக்கும் என் நங்கூரம்

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: மரியதாஸ். சின்னத் தோணியில் மீன் பிடிக்கிறவனுக்குக் காற்று ஒரு பகையாளி, பக்கத்துத் தோணிக்காரன் இன்னொரு பகையாளி. காற்றுக்கு முகம் கிடையாது, திட்டிப் பிரயோசனம் இல்லை. மரியதாஸுக்கு முகம் உண்டு. எங்கள் எதிர்வீட்டில்தான் இருக்கிறான். திட்டினால் சிரிப்பான்.

எனக்குத் தொழில் தாராவிக்குக் கிழக்கே, டிராம்பே துறையில். கடல் ஊருக்குள் கையை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி ஓர் உப்புத் தண்ணீர்; காடி என்பார்கள். மடவை, நண்டு, இறால், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. நான் கடற்கரையில் பிறந்தவன் இல்லை. நாங்குநேரிப் பக்கம் குளத்தில் கெண்டை பிடித்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தாராவித் தோல் பட்டறையில் கை வெந்து, அப்புறம் இங்கே வந்து துடுப்புப் பிடித்தேன். மரியதாஸ் தூத்துக்குடிக் கடற்புறத்துக்காரன். அதனால் அவனுக்கு நான் இன்றைக்கும் ‘குளத்துக்காரன்’தான். ரயிலுக்கு நின்று நனைந்தவர்கள், இரவல் கொடுத்த பொருள் திரும்பாதவர்கள், இரண்டும் அனுபவித்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு ஏற்றத்துக்கு மட்டும்

காடியின் அடி முழுக்கச் சேறு. கடையில் விற்கிற நங்கூரம் அதில் நிற்காது. பாசிப் படியில் வைத்த கால் மாதிரி வழுக்கிக்கொண்டே வரும். அதனால் தாராவியில் காசிம் பாயின் இரும்புப் பட்டறையில் சொல்லி, கொக்கிகளை ஒரு சாண் கூட்டி, நாலு கொக்கி நங்கூரம் ஒன்று அடித்து வைத்திருந்தேன். வளையத்தில் சிவப்புப் பெயிண்ட். ஒருநாள் காலையில் மரியதாஸ் வந்து, “ஒரு ஏத்தத்துக்கு மட்டும் குடும். தண்ணி ஏறி வத்துறதுக்குள்ள தந்துருதேன்” என்றான். நான் யோசித்தேன். “என்ன வே யோசன? குளத்துக்காரருக்கு நங்கூரம் எதுக்கு? குளம் எங்கயும் ஓடியா போவுது?” என்று சொல்லிக்கொண்டே தூக்கித் தோளில் வைத்துவிட்டான்.

அன்றைக்கு மத்தியானமே காற்று வந்தது. மழைக்காலம் தொடங்குகிற வாரம். எங்கள் துறைக்கு மேற்கே மலை மறைத்து நிற்பதால், மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தபோது தோணி ஏற்கெனவே பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. நங்கூரம் இல்லை. நண்டுக் கூடைகளை ஒன்றாகக் கட்டிப் போட்டேன், அவையும் என்னோடு சேர்ந்து வந்தன. துடுப்பு ஒன்று கையை விட்டுப் போனது. அகலமான காடியைக் குறுக்கே கடந்து, எதிர்க்கரை அலையாத்திச் செடிகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டேன். சாயங்காலம் தண்ணீர் வற்றியது, தோணி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தொடை வரைக்கும் சேற்றில் நடந்து, ரோட்டைத் தாண்டி, சான்பாடாவில் ஒரு கட்டட வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கண் மட்டும் தெரிகிற ஒருவனை நானும் விடமாட்டேன். வாசலிலேயே உட்கார்ந்து, மரியதாஸையும் அவன் பரம்பரையையும் தமிழில் உரக்கத் திட்டினேன்.

அந்தத் தமிழ் கேட்டுத்தான் கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. பாலக்காட்டு மாமி. வாட்ச்மேனை ஒரு அதட்டு அதட்டி, செடிக்கு ஊற்றுகிற டியூப்பை இழுத்துக்கொண்டு வந்து தானே என் மேல் பீய்ச்சினார். பெரிய டம்ளரில் காப்பி கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மாமி சொன்னார்: “சூடு ஆறிடப்போறது, முதல்ல காப்பியைக் குடிங்கோ. அவரைப் பொறுமையா திட்டிக்கலாம், அவர் எங்க போயிடப்போறார்!”

நங்கூரம் இல்லை, இரும்பு

எங்கும் போகவில்லைதான். எதிர்வீட்டிலேயே இருந்தான். “நாளைக்கு” என்றான். “தோணியில கெடக்கு” என்றான். “நீரே வந்து எடுத்துக்கிடும்” என்றான். நான் ஏன் போய் எடுக்க வேண்டும்? வாங்கிக்கொண்டு போனவன் கொண்டுவந்து வைக்க வேண்டும், குளம் என்று சொன்ன வாயால் தப்புதான் என்று ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்கச் சாக்கில் கல்லைக் கட்டிப் போட்டுத் தொழில் பார்த்தேன். இரண்டு தடவை கல் இழுத்துக்கொண்டு போய் வலை கிழிந்தது.

என் வீட்டுக்காரிதான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காசிம் பாய் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் மேலப்பாளையத்துக்காரர், பேச்சில் ஊர் மாறவே மாறாது. “புதுசா ஒண்ணு அடிச்சுத் தாரேன் அண்ணாச்சி, எடுத்துட்டுப் போங்க” என்றார். வேண்டாம் என்றேன். புதிது ஒன்று தோணியில் ஏறிவிட்டால் அவன் தர வேண்டியது தீர்ந்துபோன மாதிரி ஆகிவிடும், அது நடக்காது என்று விளக்கினேன். அவர் எழுந்து போனார். பட்டறை மூலையிலிருந்து பழைய மிஷின் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நடு ஓட்டையில் கயிற்றைக் கோத்து, தானே முடிச்சும் போட்டு, என் தலையில் ஏற்றிவிட்டார். “இத நங்கூரம்னு சொல்லாதீங்க, இரும்புன்னு சொல்லுங்க. உங்க ரோசமும் இருக்கும், உசுரும் இருக்கும்.”

பாலத்துக்கு அடியில்

என் மகளுக்குக் காடியின் எதிர்க்கரையில், ஐரோலியில் ஆபீஸ் வேலை. எட்டாவது மாடி, கண்ணாடி ஜன்னல். மழைக்காலம் முடிகிற நாட்களில் இடியும் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் இறங்கும். ஒருநாள் வலை போட்டுக்கொண்டிருக்கும்போது, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்த போன் அடித்தது. “அப்பா, இங்க பூரா அந்தேரா ஆயிடுச்சு. காடி தெரியல. நீங்க பாலத்துக்குப் போங்க, ஜல்தி.” அங்கே இருட்டிவிட்டதாம்; வானத்தைப் பார்த்தேன், இங்கே வெயில் அடித்தது. ஆபீஸில் இருக்கிறவள் எனக்குச் சொல்கிறாளா என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் துடுப்பை வலித்தேன். காடியைக் கடக்கிற பெரிய பாலத்தின் தூணுக்கும் எனக்கும் நடுவில் பத்துத் துடுப்பு இருக்கும்போது முதல் காற்று அடித்தது.

தூணுக்கு அடியில் ஏற்கெனவே இரண்டு தோணி. எங்கள் துறையில் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. காற்றில் வருகிறவன் கயிற்றை எறிவான், இருக்கிறவன் பிடித்துத் தன் தோணியில் கட்டுவான். பாண்டு என்கிற உள்ளூர்க் கோளி இன மீனவன் பிடித்துக் கட்டினான். மூன்று தோணியும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தன. பக்ரி ரொட்டியும் சுட்ட கருவாடும் நீட்டினான். சாப்பிட்டுக்கொண்டே, இந்த நேரத்தில் என் நங்கூரம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். மழை நின்றுவிட்டது, நீ எப்போது நிறுத்தப்போகிறாய் என்று கேட்டுவிட்டான். அவன் சொன்னது அப்படியே: “காகா, பாரிஷ் தோ ருக் கயா, தும் கப் ருகேகா?”

ஆறிப்போன டீ

அடுத்த வருஷம் அதே நாட்கள். அன்றைக்கு மகளுக்கு லீவு, போன் அடிக்கவில்லை. காற்று வடக்கேயிருந்து வந்து என்னைத் துறைமுகப் பக்கம் தள்ளியது. அங்கே காடி அகலமாகிவிடும். கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். சின்னத் தோணி அதில் மோதினால் பலகை பலகையாகப் போகும். சக்கரத்தைப் போட்டேன். காசிம் பாய் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அது நங்கூரம் இல்லை. சேற்றின் மேல் உருண்டுகொண்டே வந்தது. தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்துவிட்டது. வீட்டுக்காரிக்குப் போன் போடலாமா என்று பையை எடுத்தேன், நனைந்த முடிச்சு அவிழவில்லை.

அப்போது பின்னால் எஞ்சின் சத்தம். மரியதாஸ். கிட்டே வந்ததும் அவன் எஞ்சினில் தண்ணீர் ஏறி அதுவும் நின்றது. “கயித்தப் பிடியும் ஓய்!” என்று எறிந்தான். பிடித்துக் கட்டினேன். அவன் குனிந்து எதையோ தூக்கித் தண்ணீரில் போட்டான். இரண்டு தோணியும் இரண்டு குலுக்குக் குலுக்கி, நின்றன. நின்றே விட்டன. தூண் அங்கே, நாங்கள் இங்கே. சேற்றில் அப்படிப் பிடிக்கிற இரும்பு இந்தக் காடியில் ஒன்றுதான் உண்டு. போடும்போது சிவப்பு வளையத்தைப் பார்த்துவிட்டேன்.

அவன் பாதுகாப்பாகக் கரை ஏறி டீக்கடையில் உட்கார்ந்திருந்தான், என் தோணி போகிற போக்கைப் பார்த்துவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான் என்பது மறுநாள் டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை, இதுவரைக்கும் சொல்லவில்லை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வளையம்தான். மழையில் வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகிறது; இருந்தாலும் கத்தினேன், “அது யாரு நங்கூரம் வே?” அவன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திருப்பிக் கத்தினான்: “உம்ம நங்கூரம்தான் ஓய். நான் எப்பமாவது இல்லன்னு சொன்னனா?”

தலையும் வாலும்

காற்று அடங்கியதும் பாண்டு தோணியோடு வந்தான், எங்களை இழுத்துப் போக. நங்கூரம் வரவில்லை. இரண்டு தோணியின் பாரமும் சேர்ந்து அதைச் சேற்றுக்குள் இறக்கியிருந்தது. மூன்று பேரும் இழுத்தோம். தோணியின் முனை தாழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. மரியதாஸ் கத்தியை எடுத்தான். அறுக்காதே என்றேன். “நங்கூரம் வேணுமா, வீடு போய்ச் சேரணுமா?” என்று கேட்டு, அறுத்தே விட்டான். அடையாளத்துக்குக் கயிற்று நுனியில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கட்டினான். மறுநாள் போய்ப் பார்த்தால் டின் செடியில் மாட்டிக் கிடக்கிறது, கயிற்றைக் காணோம். கடற்புறத்துக்காரன் போட்ட முடிச்சு அது. குளத்துக்காரன் போட்டிருந்தால் அவிழ்ந்திருக்காது.

இழுத்துக் காப்பாற்றியவன் வீட்டுக்கு அடுத்த பிடிப்பில் பெரிய மீன் போக வேண்டும் என்பது துறை வழக்கம். பாண்டுவுக்கு ஒன்று கொடுத்தேன். மரியதாஸுக்கு முழங்கை நீளக் கொடுவா ஒன்றை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த கையோடு திரும்பி வந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பாதி மீனோடு அவன் என் வாசலில் நிற்கிறான். “நங்கூரம் உம்மது, அதுக்குத் தலை. கயிறு என்னுது, வால நான் வச்சுக்கிட்டேன்” என்றான். கொடுவாயில் தலைதான் ருசி என்பது அவனுக்கும் தெரியும். அன்றைக்கு அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். குளம் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், தண்ணீர் நன்றாக வற்றுகிற நேரம் பார்த்து, இருவரும் ஒரே தோணியில் போகிறோம். நான் துடுப்புப் பிடிப்பேன், அவன் நீள மூங்கிலால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்ப்பான். இடம் இது இல்லை என்று நான் சொல்வேன், இதுதான் என்று அவன் சொல்வான். போன பௌர்ணமிக்குச் சோற்றுத் தூக்கைக் கையில் கொடுக்கும்போது என் வீட்டுக்காரி கேட்டாள்: “அது கெடச்சிருச்சின்னா அப்புறம் ரெண்டு பேரும் எதப் பத்திச் சண்ட போடுவீக?”

காற்றுக்குத் தப்பி நான் உட்கார்ந்து சோறு தின்பதற்கு ஒரு மாமி, ஒரு பட்டறைக்காரர், ஒரு கோளி, என் மகள், மரியதாஸ் என்று ஐந்து பேருக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன், அந்த ஐந்தில் ஒருத்தன் மட்டும் இன்னும் எனக்கு ஒரு நங்கூரம் தர வேண்டும்.