தானாகத் திறந்த பெட்டி

கொட்டகலை பஜாரில் இருந்த கொமினிகேஷன் கடையில், கோல் பேசவும் நெட் பார்க்கவும் போகிற கடை, மூன்றாவது கம்ப்யூட்டர் மெசின்தான் எங்கள் அக்கா. இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்துவிட்டு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "வா, அவளப் பாத்துட்டு வருவோம்" என்பாள். கடைக்குப் போகிறோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது இரண்டாயிரத்துக்குப் பிறகு, எங்கள் பக்கம் நெட் வந்த புதிதில். அப்பா இல்லை. அம்மாவும் நானும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தோம். டெலிபோன் கார்ட் போட்டால் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துவிடும். அவள் வேலை செய்யப் போகிற வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஏஜென்சியில் சொன்னதும், புறப்படுவதற்கு முன்னால் அந்தக் கடைக்குப் போய் ஒரு மெயில் பெட்டி திறந்தாள். ஒரே ஒரு பெட்டி. அங்கிருந்து அவளும் அதைத்தான் திறப்பாள், இங்கிருந்து நாங்களும் அதைத்தான் திறப்போம். அவள் தனக்குத்தானே எழுதுவாள், நாங்கள் படிப்போம். நாங்கள் அவளுக்கு, அவளிடமிருந்தே எழுதுவோம். இதைக் கேட்டுக் கொழும்பில் ஒருத்தி சிரித்தாள். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் ஆறு வீட்டுக்கு ஒரு பைப். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி போதாதா? எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது.

கடைக்காரர் நடுத்தர வயது முஸ்லிம் மனிதர். எல்லாரையும் போல நாங்களும் அவரை, அண்ணன் என்கிற முறையில், நானா என்றுதான் கூப்பிட்டோம். பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா என்று மெசின் கேட்டபோது ஓம் என்று அழுத்தச் சொன்னவர் அவர்தான். அவர் எல்லாருக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தார். தோட்டத்துச் சனம் கையெழுத்தே தடுமாறிப் போடும், பாஸ்வேர்டை எங்கே நினைவில் வைக்கப்போகிறது என்ற இரக்கம். அக்கா பாஸ்வேர்டை என்னிடமும் சொல்லவில்லை.

"ஒனக்குத் தெரிஞ்சா அம்மா கேப்பா. அம்மாகிட்ட எவளாச்சும் கேப்பா. தெரியாமலே இருக்கட்டும். நீ போய் ஒக்காந்தா போதும், அதுவே நெரப்பிக்கும்" என்றாள்.

நிரப்பியது. பக்கம் திறந்ததும் அவள் பெயர் வந்து நிற்கும், கீழே கறுப்புப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். நான் ஒரு தட்டுத் தட்டினால் பெட்டி திறக்கும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் பெண்பிள்ளை அக்காவைக் கம்ப்யூட்டரில் உட்காரவிடும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வைப்பாள். ஞாயிறு நான் அதைத் திக்கித் திக்கி வாசிப்பேன். அம்மா கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். "கண்ணு" என்று அக்கா அம்மாவைக் கூப்பிடுகிற இடம் வந்தால் அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வாள்.

ஒரு விசயத்தில் அம்மா கண்டிப்பு. வாசித்து முடித்து மூலையில் இருந்த சைன் அவுட்டை நான் அழுத்தப் போன முதல் நாள், அது என்ன என்று கேட்டாள். வெளியே போகிறது என்றேன். யார் வெளியே போறது என்றாள். பெட்டி அக்கா பெயரில் இருக்கு, அவதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அழுத்தாத. புள்ள அங்க உள்ள இருக்கா. இங்கேருந்து நம்மளே வெளிய தள்ளுறதா?"

அப்படி இல்லை என்று நானும் சொன்னேன், நானாவும் சிரிக்காமல் சொன்னார். அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த மெசினின் மேல் கையை வைத்துக்கொண்டே எழுந்திருப்பாள். இதை வைத்துப் பிறகு ஊரே அவளைக் குற்றம் சொன்னது. சொன்னவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. அழுத்தியிருந்தாலும் அடுத்து உட்காருகிறவனுக்குப் புள்ளிகள் தானாக வந்துதான் நின்றிருக்கும்.

அடுத்த வருச மழைக்காலத்தில் அந்த மெயில் வந்தது. அந்த வீட்டு முதலாளியின் அப்பன், கிழவன், அவள் படுக்கிற அறைக்கு வருகிறானாம். ஒரு தடவை கையைக் கடித்துவிட்டு ஓடினாளாம். கதவில் தாழ்ப்பாள் இல்லை, அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான் மெதுவாகத்தான் வாசித்தேன். பக்கத்தில் எல்லா மெசினிலும் ஆள் இருந்தது. அம்மா அழவில்லை. ஏஜென்சிக்குப் போகிறோம், அதுவரைக்கும் மூட்டையை எடுக்காதே என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியில் பேசிக்கொண்டோம்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோதே தெரிந்துவிட்டது. பேச்சு நின்றது. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி, "அரிசி மூட்ட நல்ல பாரமா இருக்கணும்" என்று சொல்ல, மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் கூடையைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தேன். கணக்கப்பிள்ளை என்னைத்தான் ஏசினார்.

எங்கள் அத்தை மகனுக்குத்தான் அக்காவைப் பேசி வைத்திருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. அவனுக்கு மூத்த சகோதரி, கொழும்பில் இருக்கிற புருசனின் டெலிபோன் கோலுக்காக அந்த ஞாயிறு கடையில் காத்திருந்தாள். நாங்கள் எழுந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அந்தக் கிழமைக்குள் அத்தை வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. கிழவன் அறைக்குள் வந்ததற்கு என் அக்காவுக்குத் தண்டனை.

அதை அக்காவுக்கு எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டேதான் அடுத்த ஞாயிறு போனோம். பக்கம் திறந்தது. பெயர் வந்தது. புள்ளிகளும் வந்தன. தட்டினேன். சிவப்பு எழுத்தில் பாஸ்வேர்டு பிழை என்று வந்தது.

மறுபடி தட்டினேன். அதே சிவப்பு.

"பாத்துத் தட்டு. ஒன் வெரலு எப்பவும் முரடு" என்றாள் அம்மா.

நானா வந்து பார்த்தார். பெரிய எழுத்து விசை அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மெசினை அணைத்துப் போட்டார். லைன் கோளாறாக இருக்கும் என்று பக்கத்து மெசினில் முயன்றார், அங்கே பெயரும் வரவில்லை, புள்ளியும் வரவில்லை. சில வேளை அந்தக் கம்பெனி பக்கத்தை மாற்றினால் மெசின் பழைய இடத்தில் நிரப்பும், அதனாலும் இருக்கலாம் என்றார். கொஞ்சம் பொறுத்துத் தட்டச் சொன்னார். பொறுத்துத் தட்டியபோது, பல தடவை பிழை விட்டதால் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறோம், பிறகு வா என்று வந்தது. அம்மாவுக்கு அதை நான் சொல்லவில்லை. மெசினுக்குச் சுகமில்லை என்றேன். அவள் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

நடு வாரத்தில் வேலையை விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். இதை அழித்துவிட்டுத் திரும்பப் பதிந்தால் சரிவருமா என்று கேட்டேன்.

"அழிச்சா திரும்பப் பதியிறதுக்கு ஒங்களுக்கு பாஸ்வேர்டு தெரியணுமே தங்கச்சி. அதுக்கு முந்தி அந்தப் புள்ளிக்குப் பின்னால என்ன ஈக்கிதுன்னு பார்ப்பம்" என்றார் நானா.

உள்ளே எங்கேயோ போய் ஒரு பட்டனைத் தட்டினார். புள்ளிகள் எழுத்தாக மாறின. எங்கள் நாயின் பேர், அதோடு லயத்தில் எங்கள் வீட்டு இலக்கம். அவ்வளவு லேசானது. என்னால் அதை ஒரே நாளில் ஊகித்திருக்க முடியும். நானா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புள்ளிகள் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவற்றை அழித்துவிட்டு நானே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். சிவப்பு. இன்னும் மெதுவாக அடித்தேன். சிவப்பு. நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இது மெசின்ட பிழை இல்ல. மெசின் தனக்குத் தெரிஞ்சத சரியாத்தான் நெரப்புது. இது பழைய பூட்டுட தெறப்பு. அங்க பூட்ட மாத்தீட்டாங்க."

யாரு என்று கேட்டேன். யாராக இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். அதற்கு அவர் வேறு ஒன்று சொன்னார். போன புதன்கிழமை என் அத்தை மகன் வந்து, மற்ற மெசின்கள் சும்மா இருக்கும்போது மூன்றாவதுதான் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தானாம். சொந்தக்காரப் பையன்தானே என்று நினைத்தாராம்.

நான் நேரே தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனேன். அவன் அங்கேதான் வேலை. வாசலில் கொழுந்து லொறிக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். பெட்டியில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். மறைக்கவே இல்லை.

"ஊரே பேசுது, இனி நீ எனக்கு வேணாமுன்னு எழுதினேன். அவளே அவளுக்கு எழுதின மாதிரிதான் போயிருக்கும்" என்று சொல்லி இளித்தான்.

"யாரக் கேட்டுத் தொறந்த?"

"யாரக் கேக்கணும்? தொறந்துதானே கெடந்துச்சு."

லயத்தில் எந்த வீட்டுக் கதவும் பகலில் சாத்தியிருப்பதில்லை. அடுப்பில் கறி கொதிக்கும், தட்டில் பிள்ளையின் வெள்ளிக் கொலுசு கிடக்கும், ஆள் தேயிலை மலையில் இருப்பாள். வாசலில் நின்று குரல் கொடுக்காமல் ஒருத்தனும் அடுத்தவன் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. அங்கே அப்படி இருக்கத் தெரிந்த சனத்துக்குக் கடையில் இருந்த பெட்டி மட்டும் எப்படித் திறந்த வீடாகத் தெரிந்தது? இதை அவனிடம் கேட்டேன். கேட்ட வார்த்தைகள் இங்கே எழுதக் கூடியவை இல்லை. லொறிக்காரன் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை அவள் பெட்டியைத் திறந்திருப்பாள். தன் பேரிலிருந்து தனக்கு வந்த மெயில். நாங்கள் எழுதியது என்று ஆசையாகத் திறந்திருப்பாள். ஊரே பேசுது என்பதை வாசித்திருப்பாள். அதற்குப் பிறகுதான் பூட்டை மாற்றியிருக்கிறாள். மாற்றுகிறபோது அம்மாவும் வெளியே நிற்பாள் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். அவள் யோசிக்காமல் ஒன்றும் செய்கிறவள் இல்லை.

ஹட்டன் ஏஜென்சியில் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், உங்கள் அக்காவிடமிருந்து முறைப்பாடு வரவில்லை என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

பிறகு நானா எனக்கென்று ஒரு பெட்டி திறந்து கொடுத்தார். பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா என்று மெசின் கேட்டது. வேண்டாம் என்று நானே அழுத்தினேன். அக்காவின் பழைய பெட்டிக்கு எழுதினேன். அவன் எழுதியது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, நீ அந்த வீட்டில் இருக்காதே என்று எழுதினேன். பதில் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று நானாவைக் கேட்டேன். திரும்பி வரவில்லை என்றால் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றார்.

அம்மா ஞாயிறு தவறாமல் வந்தாள். மூன்றாவது மெசினில்தான் உட்கார வேண்டும். பழைய பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். பெயர் வரும், புள்ளிகள் வரும். "வந்துருச்சு பாரு, இப்ப தட்டு" என்பாள். தட்டுவேன். சிவப்பு வரும். அந்தப் புள்ளிகளை அழிக்கட்டுமா என்று நானா ஒரு நாள் மெதுவாகக் கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் போய்விட்டார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் பதில் வந்தது. என் பெட்டிக்கு. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

"வீடு மாறிட்டேன். இங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. அம்மாவப் பாத்துக்க. பழைய பெட்டியத் தொறக்கப் பாக்காத."

முதல் மூன்றையும் வாசித்துக் காட்டினேன். தாழ்ப்பாள் என்றதும் அம்மா கைகூப்பினாள். வேறு என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன்.

"கண்ணுன்னு போடலயா?"

"அவசரமா எழுதியிருக்காம்மா."

அதன் பிறகு வந்ததெல்லாம் அப்படித்தான். சுகம், நீங்கள் சுகமா, பணம் அனுப்பினேன். ஒரு தடவை லீவில் வந்தாள். அத்தை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, எங்களோடும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அரிசி மூட்டையைப் பற்றி எழுதியவள் இவள்தானா என்று இருந்தது. மறுபடியும் போய்விட்டாள்.

அந்தத் தை மாத ஞாயிறு, வாசித்து முடித்ததும் நான் மூலையில் இருந்த சைன் அவுட்டுக்கு அம்பைக் கொண்டுபோனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்த விரல்.

"வேணாம். புள்ள இப்பதான் வந்திருக்கா."

இது என்னுடைய பெட்டி, அவள் இதற்குள் இல்லை என்று சொன்னேன். அவள் பிடியை விடவில்லை. மற்ற கையால் அழுத்தினேன். திரை வெறும் பக்கமாகியது, பெயர் இல்லை, புள்ளி இல்லை. அம்மா என் மணிக்கட்டை விட்டாள். பிறகு எழுந்து, எனக்காக நிற்காமல் பஸ்சுக்கு நடந்தாள்.