எதிர்வீட்டு நைனா குடித்த மோர்

என் அத்தைக்குப் பிழைப்பு பனீர். திருத்தணியில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. காலையில் கேன் கேனாக வரும் பாலைக் காய்ச்சி, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றித் திரியவிட்டு, துணியில் கட்டி மேலே கல்லை ஏற்றிவிடுவாள். பனீர் ரயிலேறி மெட்ராசுக்குப் போய்விடும். துணியிலிருந்து வடிகிற இளம்பச்சை நிறத் தண்ணீர் மட்டும் எங்கும் போகாமல் தெருச் சாக்கடையிலேயே தங்கிவிடும். மத்தியானம் புளித்து நாறும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே பாண்டி ஆடுவோம்.

அது தேங்குகிற இடம் எதிர்வீட்டு வாசல். அங்கே விசைத்தறி ஓட்டுகிற ஒரு பெரியவர், கூடவே ஒரு கறவை மாடு. தெருவே அவரை நைனா என்று கூப்பிடும். பாலை மோந்து பார்த்தே அது எந்த வீட்டு மாட்டுப் பால் என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது நைனா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது? காவடி எடுத்துகினு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. இந்த நாத்தத்துல எப்டி எல போடறது? அதுக்குள்ள நிறுத்தலைன்னா நகராட்சில எழுதிக் குடுத்துருவேன். அப்புறம் கொட்டாய்க்குப் பூட்டுதான்."

அத்தையின் தம்பியான என் சித்தப்பாதான் பேசினார். "அது கெட்ட தண்ணி இல்ல நைனா. பால்ல இருந்து வந்ததுதானே. உங்க மாட்டுக்கு ஊத்திப் பாருங்க."

"உங்க சாக்கடைய என் மாடு குடிக்கணுமா? மொதல்ல மனுசன் எவனாவது குடிக்கட்டும், பாக்கலாம்."

நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்களுக்கு எங்கள் வாசலிலும் ஒரு மோர்ப் பானை இருக்கும். அந்த வருஷம் சித்தப்பா வடிகிற தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் பிடித்து ஆறவைத்தார். நிறத்துக்கு இரண்டு கரண்டி தயிர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு.

"வேணாம்டா, தெரிஞ்சா மானம் போயிடும்" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு அக்கா. எந்த நாக்குக்குத் தெரியப் போவுது?"

காவடிக்காரர்கள் வாங்கிக் குடித்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியதும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நைனாவே வந்துவிட்டார். ஒரு மடக்குக் குடித்தவர் அப்படியே நின்றார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். காய்ந்து கிடந்த சாக்கடையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் குனிந்து பானையைக் கலக்கத் தொடங்கினாள்.

"இன்னொரு டம்ளர் ஊத்தும்மா" என்றவர், பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "குடிங்கடா, வயித்துக்கு நல்லது" என்றார்.

கதவுக்குப் பின்னால் நானும் சித்தப்பாவும் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தோம்.

இன்று அதே தண்ணீரைப் பெரிய ஆலைகளில் பொடியாக்கி, உடம்பு ஏற்றுகிற பிள்ளைகளுக்கு டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். எங்கள் தெருவில் அது, பால் கொண்டுவந்த கேனிலேயே திரும்பி மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. சாக்கடை அதன்பின் நாறவில்லை. கொட்டகைக்குப் பூட்டும் விழவில்லை.

அதைத் தொடங்கிவைத்தவர் நைனாதான். கிருத்திகைக்கு மறுநாள் காலையிலேயே காலி வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "அத்தைகிட்ட சொல்லு பாப்பா, மோர் மிச்சம் இருந்தா என் மாட்டுக்கு ஊத்தச் சொல்லு" என்றார்.

பாவம், இன்னும் அதை மோர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.