குவளையின் அடிப்பக்கம்

அந்த வெள்ளிக் குவளை என் நினைவில் எப்போதும் தலைகீழாகத்தான் வருகிறது. விளிம்பில் முத்து முத்தாக ஒரு வரிசை, உடம்பைச் சுற்றி இலைமாலை, கிரேக்கத் தூணைப்போல வரியோடிய கால். பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னர் பாரிஸில் செய்தது. இவ்வளவு அழகிருந்தும் எனக்கு முதலில் தெரிவது அதன் அடிப்பக்கமும் அதில் அம்மா சுரண்டிய வெளிறிய கீறல்களுந்தான்.

அம்மா அப்போது, நாங்கள் அகதிகளாக வந்திறங்கிய நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் தனியாக வாழ்ந்த, பிரெஞ்சு பேசும் ஒரு முதிய மதாமைப் பராமரித்துவந்தார். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு மதாம் குவளையைத் துவாயில் சுற்றித் தன் கையாலேயே அம்மாவின் பைக்குள் வைத்தார். பார்த்தவர் எவருமில்லை. எங்கள் அகதி வழக்கோ முடிந்திருக்கவில்லை. களவு என்று பொலிசில் ஒரு முறைப்பாடு விழுந்தால் வழக்கு என்னவாகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மதாமின் செத்தவீடு முடிந்த மறுநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது, அம்மா குசினியில் குவளையைக் கவிழ்த்து வைத்துக் கத்தி முனையாலும் சட்டி தேய்க்கும் கம்பியாலும் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிரீடத்தோடு எழுத்துகள் இருந்தனவாம். மதாம் வீட்டுப் பெயராம். அதை எடுத்துவிட்டாராம். எங்கள் ஊரில் செம்பிலும் குடத்திலும் உடையவர் பெயரைத்தானே வெட்டுவோம். மன்னாரில் ஆமி வீட்டைச் சோதித்தபோது, மாமாவின் பெயர் வெட்டிய செம்பைத் தூக்கி இது ஆர் என்று கேட்டிருக்கிறார்கள். அவரைத் தேடிப் பிடித்தும் விட்டார்கள். மாமா திரும்பி வரவில்லை. அதன்பிறகு அம்மா வீட்டிலிருந்த பாத்திரங்களில் ஒரு பெயரையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையோடுதான் விளக்கினேன். அது உடையவர் பெயரல்ல, செய்தவரின் முத்திரை. தேர்ச்சி பெற்ற வெள்ளித் தட்டார் ஒருவர், இந்த வேலைக்கு நானே பொறுப்பு என்று தன் முதலெழுத்துகளைக் கிரீடத்தின் கீழ் அடிப்பார். அதைச் சுரண்டியிருந்தால் களவெடுத்த பொருள் என்றே எவரும் நினைப்பார்கள். சொல்லிவிட்டுத்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"திருப்பி வெட்டேலாதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

அன்று மாலையே மதாமின் மகன் தொலைபேசியில் அழைத்தார். குவளையைப் பார்க்கச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அதுவரை அம்மா சோற்றைப் பிசைவார், பிறகு உண்ணாமலே கையைக் கழுவிவிடுவார். நான் பிரெஞ்சில் ஒரு பதிலை ஒத்திகை பார்த்தேன். புரட்சிக் காலத்தில் பிரபுக்களே பயந்து தங்கள் சின்னங்களைத் தேய்த்து அழித்தார்கள், பழைய வெள்ளியில் இப்படிக் கீறல்கள் சகஜம் என்று. லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பதில் எனக்கு மறந்துபோனது.

சனிக்கிழமை வந்தவர் பனிச்சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். குவளையை முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். பெருவிரலால் கீறல்களைத் தடவி, யார் இதைச் செய்தது என்றார். அந்த அளவு பிரெஞ்சு அம்மாவுக்கு விளங்கும். நான் வாய் திறக்குமுன் அம்மாவே சொன்னார்.

"நான்தான். பயத்தில செய்தனான் எண்டு சொல்லு."

சொன்னேன். யாரைக் கண்டு பயம் என்று அவர் கேட்டார். அம்மா அவரை நேரே பார்த்தார்.

"இவரைக் கண்டுதான்."

உங்களைக் கண்டுதான் என்று மொழிபெயர்த்தேன். அவர் குவளையை நிமிர்த்தி அம்மாவின் பக்கம் நகர்த்தினார். கொடுத்துவிட்டதாகத் தாய் அவரிடம் சொல்லியிருந்தாராம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அதில்தான் அவருக்குத் தண்ணீர் கொடுப்பாராம். ஒருமுறை பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாராம். அவர் போனதும் அம்மா கதவின் இரண்டு பூட்டுகளையும் போட்டுவிட்டு நிலத்திலேயே இருந்துவிட்டார்.

வழக்கு வென்று குடியுரிமையும் வந்துவிட்டது. நான் இப்போது ஓர் ஏலக் கூடத்தில் பழைய வெள்ளிப் பொருட்களுக்கு விவரம் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் கவிழ்த்ததும் இன்னமும் முதலில் கீறல்களைத்தான் தேடுகிறேன். போன மாதம், எங்கள் குவளையின் அடியில் அம்மாவின் பெயரை வெட்டுவிக்கலாமா என்று கேட்டேன். அது அவருடையதுதானே. அம்மா துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேண்டாம் பிள்ளை. வெட்டினா, பேந்து ஆரோ ஒராள் இருந்து தேய்ச்சு அழிக்கோணும்."